விண்ணில் ஒரு கோயில்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாற்று மாணவன் ஒருவனின் கருத்து)

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடைபெற்ற கண்காட்சியை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீரைத் தூய்மையாக்கும் கருவி, சூரிய அடுப்பு, இதயத்தின் மாதிரி என்று வழக்கமானவை எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசி மேசையில் மட்டும் வழக்கத்துக்கு மாறான ஒன்று. கறுப்புத் துணியில் வெள்ளிப் பொட்டுகளாய் விண்மீன்கள். அவற்றின் நடுவே நூலில் தொங்கியது தெர்மாகோலில் செய்த ஒரு கோயில். உள்ளே பருந்துத் தலையும், அதன்மேல் சூரிய வட்டமும் கொண்ட ஓர் உருவம். "கி.பி. 3000: விண்வெளியில் எகிப்தியச் சூரியக் கடவுள் ராவின் ஆலயம்" என்று அட்டையில் எழுதியிருந்தது. செய்தவர் இரண்டாம் ஆண்டு மாணவர், என் நண்பர். சோமங்கலத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் தாம்பரம் வந்து படிப்பவர்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததோடு நில்லாமல் மூன்று கேள்விகளும் கேட்டார்கள். "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்றார் ஒருவர். "நம் ஊரில் இல்லாத சாமியா? எகிப்துக்கு ஏன் போனாய்?" என்றார் இன்னொருவர். "அறிவியல் கண்காட்சியில் கோயிலுக்கு என்ன வேலை?" என்றார் மூன்றாமவர். நண்பர் பதில் சொல்லவில்லை. பரிசும் கிடைக்கவில்லை. மாலையில் அந்தக் கோயிலை மார்போடு அணைத்துக்கொண்டு மேற்குத் தாம்பரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். அவர் சார்பில் அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். யாருமே கேட்காத நான்காவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதை இறுதியில் சொல்கிறேன்.

நடக்கிற காரியமா? நடந்தே விட்டது என்பதுதான் விடை. எகிப்தில் அஸ்வான் நகருக்கு அருகே, நைல் நதியின் நடுவே, ஃபிலே என்றொரு தீவு இருந்தது. அங்கே ஐசிஸ் என்னும் தாய்த் தெய்வத்துக்குக் கோயில். அஸ்வானில் அணை கட்டப்பட்டதும் தீவு நீரில் மூழ்கத் தொடங்கியது. 1970-களில் யுனெஸ்கோவின் முயற்சியால் அக்கோயிலை ஏறத்தாழ 40 ஆயிரம் துண்டுகளாகப் பிரித்து, அருகிலிருந்த அகில்கியா என்னும் உயரமான தீவில் மீண்டும் அடுக்கி எழுப்பினார்கள். 1980-ல் அது திறக்கப்பட்டது. கோயில் இடம் பெயர்ந்த முதற்கதை இது.

இரண்டாம் கதை 2004-ல் தொடங்குகிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஒரு வால்மீனை நோக்கி ரொசெட்டா என்ற விண்கலத்தை அனுப்பியது. அதன் வயிற்றில் இருந்த சிறிய இறங்குகலத்துக்கு ஃபிலே என்று பெயரிடச் சொன்னவர் 15 வயது இத்தாலிய மாணவி ஒருவர். பத்தாண்டுப் பயணத்துக்குப் பின், 2014 நவம்பர் 12 அன்று, பூமியிலிருந்து 50 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் ஃபிலே அந்த வால்மீனில் இறங்கியது. அது இறங்கக் குறித்த இடத்துக்குப் பொதுமக்கள் போட்டியின் வழியே வைத்த பெயர் என்ன தெரியுமா? அகில்கியா! நைல் நதியில் இடம் பெயர்ந்த கோயில், வால்மீன் வரைக்கும் போய்விட்டது. என் நண்பர் கி.பி. 3000 என்று எழுதினார். காலத்தைத்தான் தள்ளிப் போட்டார். கற்பனையில் அவர் பிழை செய்யவில்லை.

இனி இரண்டாம் கேள்வி. எகிப்துக்கு ஏன் போக வேண்டும்? இக்கேள்வியில் நியாயம் உண்டு. நம் தாம்பரத்தைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். சூரியனுக்குக் கொளப்பாக்கம், சந்திரனுக்குச் சோமங்கலம், செவ்வாய்க்குப் பூந்தமல்லி, புதனுக்குக் கோவூர், குருவுக்குப் போரூர், சுக்கிரனுக்கு மாங்காடு, சனிக்குப் பொழிச்சலூர், ராகுவுக்குக் குன்றத்தூர், கேதுவுக்குக் கெருகம்பாக்கம் என்று ஒன்பது சிவாலயங்களை நவக்கிரகத் தலங்களாக மக்கள் சுற்றி வருகிறார்கள். பொழிச்சலூரில் சனீசுவரனுக்கு எள் விளக்கு ஏற்றும்போது மீனம்பாக்கம் விமானம் தலைக்கு மேலே தாழப் பறக்கிறது. ஒரு சூரிய மண்டலமே நம் பேருந்துத் தடங்களில் பரந்து கிடக்கையில், விண்வெளிக் கோயில் நமக்கு எப்படி அந்நியமாகும்?

ஆனால் எகிப்தியரும் நமக்கு அவ்வளவு அந்நியர் அல்லர். ராவின் படகு ஒவ்வோர் இரவும் பாதாளத்தின் வழியே செல்லும். அபோபிஸ் என்ற பெரும்பாம்பு அதனை விழுங்க வரும். அதை வென்றால்தான் மறுநாள் பொழுது விடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. குன்றத்தூரில் ராகுவுக்குப் பாலாபிஷேகம் செய்யும் நம் பாட்டிமாருக்கு இந்தக் கதை உடனே விளங்கும். வணிகமும் இருந்தது. செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழந்துறைமுகத்தில், செராபிஸ் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் கோயில் வளாகத்தில், இந்தியச் சாடி ஒன்றை அகழ்ந்தெடுத்தார்கள். அதனுள் சுமார் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. அது கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம் மேற்குக் கடற்கரையின் மிளகு அவர்கள் கோயிலுக்குள் போகலாம். அவர்கள் கடவுள் நம் கல்லூரிக் கண்காட்சிக்குள் வரக் கூடாதா?

மூன்றாம் கேள்வி சற்றுக் கடினமானது. கோயிலுக்கும் அறிவியலுக்கும் என்ன தொடர்பு? பெயர் மட்டுமே தொடர்பு என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 புறப்பட்டு, 15 லட்சம் கிலோமீட்டர் சென்று, சூரியனை நோக்கி நின்றது. அதைச் சாதித்தது ஆதித்யன் என்ற பெயர் அன்று. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி போன்றோரின் பல்லாண்டு உழைப்பும் கணக்கும்தான். பெயர் வைப்பது எளிது. அளந்து பார்ப்பது அரிது.

இதற்கும் ஓர் எகிப்தியச் சான்றே இருக்கிறது. 2004-ல் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு அந்தப் பாம்பின் பெயரையே வைத்தார்கள்: அபோபிஸ். சுமார் 340 மீட்டர் அளவுள்ள பாறை அது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில், நம் கடற்கரை ஆழிப்பேரலையில் அழுதுகொண்டிருந்த அதே நாட்களில், 2029-ல் அது பூமியில் மோத 37-ல் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று கணக்குக் காட்டியது. அந்த அச்சத்தைப் போக்கியது எது? பழைய வானப் படங்களை எடுத்துப் பொறுமையாகத் தேடி, அதன் பாதையை மீண்டும் கணக்கிட்டார்கள். 2029-ல் மோதாது என்று உறுதியாயிற்று. அடுத்த நூறாண்டுக்கும் ஆபத்தில்லை என்று 2021-ல் நாசா அறிவித்தது. யாரோ எப்போதோ எடுத்துப் பத்திரமாக வைத்த படம், உலகத்தின் பயத்தைத் தீர்த்தது. பழைய பதிவுகளைப் படிப்பதே பெரிய அறிவியல் என்பதை இதனால் அறியலாம்.

இங்கேதான் நான் முன்னே சொன்ன நான்காவது கேள்வி வருகிறது. அன்று பேருந்து நிறுத்தத்தில் நண்பரின் கோயிலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சுவரெங்கும் எகிப்திய எழுத்துகள்; கண், பறவை, பாம்பு என்று வெகு அழகாக வரைந்திருந்தார். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். "தெரியாது. படத்தைப் பார்த்து வரைந்தேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "எங்கள் ஊர்ச் சிவன் கோயில் சுவரிலும் எழுத்து இருக்கிறது. தமிழ்தான் என்கிறார்கள். அதையும் எனக்குப் படிக்கத் தெரியாது. நீ வரலாறு படிக்கிறாயே, உனக்குத் தெரியுமா?" என்றார்.

எனக்கும் தெரியாது. என் சிரிப்பு அத்தோடு நின்றது.

அடுத்த வாரம் எங்கள் பேராசிரியரிடம் இதைச் சொன்னோம். அவர் கடிந்து கொள்ளவில்லை. சோழர் காலக் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு இராது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். சோமங்கலம் கல்வெட்டுகளில் ஒன்றின் செய்தியையும் சொன்னார். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், அதாவது சுமார் 800 ஆண்டுகளுக்கு முன், பெருமழையில் சோமங்கலம் ஏரி பல இடங்களில் உடைந்தது. அதை அடைத்து, பின்னும் ஆண்டுதோறும் ஏரியைப் பேணுவதற்கென்று பொன் வைத்தார் ஒருவர் என்பதே அச்செய்தி.

நண்பர் முகத்தைப் பார்த்தேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் எல்லோரும் அறிவோம். அப்போது நாங்கள் பள்ளிச் சிறுவர்கள். மொட்டை மாடியில் நின்று, எங்கிருந்து இவ்வளவு தண்ணீர் என்று பெரியவர்கள் திகைத்ததை அவரும் கண்டார், நானும் கண்டேன். இங்கே ஏரி உடையும், மழை நின்ற பிறகும் அதைப் பேணிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாரந்தோறும் அந்தச் சுவரைச் சுற்றி வந்து கும்பிடுகிறோம், படிக்கவில்லை!

எகிப்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். அங்கே கடைசியாகப் பொறித்த பட எழுத்துக் கல்வெட்டு கி.பி. 394-ஐச் சேர்ந்தது. அது இருப்பதும் அதே ஃபிலே கோயிலில்தான். அதன்பின் பூசை நின்றது; படிப்பவரும் இல்லாமல் போயினர். 1,400 ஆண்டுகளுக்கு மேல் ஊமையாய்க் கிடந்த எழுத்தை, ரொசெட்டாக் கல்லின் துணையால் 1822-ல் சாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்துக் காட்டினார். அந்த முயற்சிக்கு ஃபிலேவிலிருந்து கொண்டுபோன ஒரு கல்தூணும் உதவியது. விண்கலத்துக்கு ரொசெட்டா என்றும் ஃபிலே என்றும் பெயர் வைத்ததன் காரணம் இதுவே. பக்தியால் அன்று, படித்தறிந்த நன்றியால் வைத்த பெயர்கள் அவை. கும்பிட ஆளில்லாத தெய்வத்தின் கோயில் வால்மீன் வரை போனதற்கு, அதன் எழுத்தைப் படிக்க யாரோ ஒருவர் கண் விழித்ததே காரணம். நம் கோயில்களில் விளக்கு எரிகிறது, கூட்டம் வருகிறது, எழுத்தோ ஊமையாய் நிற்கிறது. வெள்ளையடிப்பில் மறைவதும் உண்டு, மணல் வீச்சில் தேய்வதும் உண்டு. எகிப்தியருக்கு நேர்ந்தது விதி. நமக்கு நேர்வது சோம்பல்.

ஆகவே என் தாழ்மையான கருத்து இதுதான். நம் கல்லூரியில் கல்வெட்டுப் பயிற்சி மன்றம் ஒன்று வேண்டும். தமிழ்த்துறை எழுத்தைக் கற்பிக்கட்டும். வரலாற்றுத் துறை காலத்தை விளக்கட்டும். இயற்பியல் துறைக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். கல்வெட்டில் நாளும் கிழமையும் நட்சத்திரமும் குறித்திருப்பார்கள். சிலவற்றில் கிரகணமும் வரும். அதை வைத்து வானத்தைக் கணக்கிட்டுத்தான் கீல்ஹார்ன் போன்ற அறிஞர்கள் சோழ மன்னரின் ஆட்சி ஆண்டுகளை உறுதி செய்தார்கள். கல்லில் எழுதிய வானம் நம் கோயிற் சுவர். தானம் எவ்வளவு காலம் நிலைக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் பொறித்த சொல்லும் "சந்திராதித்தவல்" என்பதே. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பது அதன் பொருள். விண்ணை எல்லையாக வைத்து எழுதியவர்களின் பிள்ளைகள் நாம்.

2029 ஏப்ரல் 14 விடியற்காலை, மூன்றேகால் மணியளவில், அபோபிஸ் பூமிக்கு மேலே சுமார் 32 ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் கடந்து போகும். அன்று நமக்குச் சித்திரை முதல் நாள். நாங்கள் இக்கல்லூரியை விட்டுப் போயிருப்போம். அதற்குள் இங்கு வந்து சேரும் தம்பி தங்கையரில் பத்துப் பேராவது சோமங்கலத்துச் சுவரைத் தடையின்றிப் படிக்கக் கற்றிருந்தால், அதுவே நல்ல புத்தாண்டு.

நண்பர் தம் கோயிலை இன்னும் எறிந்துவிடவில்லை. எகிப்திய எழுத்துகளின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி வைத்திருக்கிறார். தமக்குப் படிக்கத் தெரிந்ததை மட்டும்தான் இனி அதில் எழுதப் போகிறாராம். முதல் வரி ஏரியைப் பற்றியது.