எங்கே நிறுத்தினீர்கள், ஏன்?

பண்புசார் ஆய்வுக் கட்டுரைகளின் முறையியல் பகுதியில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: “தரவு நிறைவுநிலையை எட்டியதும் நேர்காணல்கள் நிறுத்தப்பட்டன.” புதிதாக எதுவும் வராத அந்த நிலை எப்போது வந்தது, எதை வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்பதற்கு விளக்கம் இருப்பதில்லை. நேர்காணல்களின் எண்ணிக்கை மட்டும் பல கட்டுரைகளில் பன்னிரண்டை ஒட்டியே நிற்கிறது.

இந்த எண்ணுக்குச் சான்றாகக் காட்டப்படுவது கிரெக் கெஸ்ட் குழுவினர் 2006இல் வெளியிட்ட கட்டுரை. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை அவர்கள் ஆறு ஆறாக ஆராய்ந்தார்கள். கானாவின் 30 நேர்காணல்களில் கிடைத்த 109 குறியீடுகளில் 80 முதல் ஆறிலேயே வந்துவிட்டன. பன்னிரண்டு முடிந்தபோது 100. அந்தப் பெண்கள் எச்ஐவி அபாயத்தில் ஏறத்தாழ ஒத்த நிலையில் இருந்தவர்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரியான கேள்விகள் கேட்கப்பட்டன. நிலவுடைமையாளர், குத்தகைதாரர், கூலித் தொழிலாளர் மூவரையும் ஒரே ஆய்வில் சேர்ப்பவருக்கு இந்த எண் பொருந்தாது. 2017இல் மோனிக் ஹென்னிங்க் குழுவினரின் ஆய்விலோ, பேசுபொருள்கள் ஒன்பது நேர்காணல்களுக்குள் வந்துவிட்டாலும் அவற்றை ஆழமாக விளங்கிக்கொள்ள 16 முதல் 24 வரை தேவைப்பட்டன.

யார் வழியாக யாரை அடைந்தோம் என்பது எண்ணிக்கையைவிட முக்கியம். ஊராட்சித் தலைவர் கைகாட்டும் வீட்டில் தொடங்கி, ஒருவர் வழியாக அடுத்தவரை அடையும் பனிப்பந்து முறை, அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தெருவுக்குப் பெரும்பாலும் போகாது. பத்தாவது நேர்காணலில் புதிதாக எதுவும் வரவில்லையென்றால், அதுவரை ஒரே வட்டத்துக்குள் கேட்டதுகூடக் காரணமாக இருக்கலாம். ரேஷன் கடை, பால் சொசைட்டி, நூறு நாள் வேலைத்தளம் எனப் பல இடங்களில் தனித்தனியாகத் தொடங்கினால் அந்த வட்டம் உடையும்.

தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் சேர்ந்தே நடக்க வேண்டும், அடுத்து யாரைத் தேடுவது என்பதை அந்தப் பகுப்பாய்வே காட்ட வேண்டும் என்று கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இலேயே எழுதினார்கள். எல்லா நேர்காணல்களையும் முடித்த பிறகே ஒலிப்பதிவை எழுத்தாக்க உட்காருபவர் அந்த வாய்ப்பை இழக்கிறார்.

எனவே, எங்கள் இதழுக்குக் கட்டுரை அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஆளை எப்படிக் கண்டடைந்தீர்கள், யார் மறுத்தார்கள், யார் விடுபட்டார்கள், எந்த நேர்காணலுக்குப் பிறகு எதை வைத்து நிறுத்தினீர்கள் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். மறுத்தவர்களைக் குறிப்பிடுவது ஆய்வுக்கு இழுக்காகாது. இந்த விவரங்களோடு வரும் எட்டு நேர்காணல்களின் கட்டுரையை, இவை இல்லாத நாற்பது நேர்காணல்களின் கட்டுரையைவிட உயர்வாகவே மதிப்போம்.