தராசு எதைப் பார்க்கிறது?



'நிர்வாகம்' என்றதும் நம் கண் முன்னே என்ன வந்து நிற்கிறது? சுழல் நாற்காலி, ஏ.சி. ரூம், கோட்டு போட்ட மேனேஜர்! திட்டமிடல், ஒழுங்கமைத்தல், கட்டுப்படுத்தல் என்று நாமும் மனப்பாடம் செய்து, பரீட்சைத் தாளில் கொட்டிவிட்டு வந்து விடுகிறோம். எனக்கு அந்தப் பாடம் புரிந்த இடம் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துப் பல்பர் கொட்டகை.

என் அம்மா தோட்டத்தில் பழம் எடுப்பவர். கார்த்திகை, மார்கழி என்றால் விடிந்ததும் கூடையோடு கிளம்பிவிடுவார். லீவு நாட்களில் நான் பல்பர் மிஷினில் கையாளாகப் போவேன். சாயங்காலம் எல்லோரும் மூட்டையோடு தராசு முன்னால் வரிசையில் நிற்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா சிவந்த பழமாகப் பார்த்துப் பார்த்துப் பறிப்பார். பக்கத்துப் பத்தியில் எடுப்பவர் கிளையை ஒரே உருவு! பச்சைக்காய், அரைப்பழம் எல்லாம் சேர்ந்து விழும். தினமும் அவர் மூட்டைதான் கனமாக இருக்கும். அம்மாவுக்குக் கூலி குறைவு.

"ஏம்மா, நீயும் உருவிப் போட வேண்டியதுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மனசு வரல சாமி. தராசுக்கு முள்ளுதான் இருக்கு, கண்ணு இல்லையே" என்றார்.

அந்தப் பச்சைக்காய் ராத்திரி என்னிடம்தான் வந்து சேரும். பழுத்த பழமென்றால் பல்பரில் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். பச்சைக்காயில் தோல் கழலாது. இடைவெளியைக் குறைத்து வைத்தால் கொட்டை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட கொட்டை தரத்தில் அடிவாங்கும். அப்போது திட்டு யாருக்கு? பல்பர்காரனுக்கு! மிஷின் மேலே தப்பில்லை, என் மேலேயும் தப்பில்லை. தப்பு தராசிலேயே ஆரம்பித்துவிட்டது.

அமெரிக்காவைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் டெமிங் என்ற புள்ளியியல் அறிஞர் 1950-ல் ஜப்பானுக்குப் போய்த் தரக் கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுத்தார். பிற்காலத்தில் அவர் தன் கூட்டங்களில் ஒரு விளையாட்டு நடத்துவாராம். பெட்டி நிறைய வெள்ளை மணிகள், நடுநடுவே சிவப்பு மணிகள். 50 குழி உள்ள ஒரு துடுப்பால் அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் அது பழுதான பொருள் என்று கணக்கு. அதிகம் சிவப்பு அள்ளியவருக்குத் திட்டு, குறைவாக அள்ளியவருக்குப் பாராட்டு! ஆனால் பெட்டியில் சிவப்பைக் கலந்து வைத்தது யார்? நிர்வாகம்! அள்ளுகிறவன் என்ன செய்வான்? நம்ம ஊரில் நிறம் மட்டும்தான் மாறுகிறது. இங்கே சிவப்பு நல்லது, பச்சை பழுது. நியாயம் ஒன்றே.

அடுத்த வருஷம் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு ரைட்டர் வந்தார். வந்தவர் யாரையும் திட்டவில்லை. "ஏன் பச்சையோடு எடுக்கிறீங்க?" என்று பெண்களையே உட்கார வைத்துக் கேட்டார். "அடுத்த சுத்து எப்ப வருமோ தெரியாது, அதுக்குள்ள பழம் உதிர்ந்து போகும், எங்க கூலியும் போகும்" என்றார்கள். அவர் செய்தது இரண்டே காரியம். ஒரே பத்திக்குத் திரும்ப வரும் நாளை முன்னாடியே சொல்லி, சுற்றுகளை நெருக்கினார். எடை போடும் முன் மூட்டையைச் சாக்கில் கொட்டிப் பார்த்து, சிவந்த பழத்துக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் கூலி கொடுத்தார். தராசுக்குக் கண் வந்துவிட்டது! அந்த சீசனில் அம்மா கூலிக் கணக்கைப் பார்த்துச் சிரித்ததை முதல் முறையாகப் பார்த்தேன்.

இது ஒரு தோட்டத்தின் கதை மட்டும்தானா? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, 1942-ம் வருஷத்துக் காப்பிச் சட்டத்தின்படி விவசாயிகள் தங்கள் காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்று ஆனது. வாரியம் விற்று, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்தது. சின்ன விவசாயி வியாபாரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது பெரிய நன்மை. ஆனால் எந்த மலையில், எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்ற அடையாளம் தொகுப்பில் கரைந்து போனது.

1990-களில் இந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் முழுச் சுதந்திரம் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லையே! 2001, 2002-ல் உலக விலை பாதாளத்துக்குப் போனபோது தனியாக நின்ற சின்ன விவசாயிதான் முதலில் அடிபட்டான். தொகுப்பில் பெயர் போயிற்று, சந்தையில் பாதுகாப்பு போயிற்று!

ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். அங்கே பழங்குடி விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். பழுத்த பழத்தைப் பார்த்து வாங்கி, ஒரே இடத்தில் பக்குவம் செய்தார்கள். 2017-ல் அரக்கு காப்பிக்குப் பாரிஸ் நகரத்தில் கடையே திறக்கப்பட்டது! 2019-ல் இந்தியாவின் ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகு, வயநாடு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, அரக்கு. அந்த ஐந்தில் சேர்வராயன் இல்லை. நம் மலையிலும் மலையாளிப் பழங்குடி மக்கள் காப்பி வளர்க்கிறார்கள். மண்ணும் உண்டு, மழையும் உண்டு. கூடி நிற்கவும் வேண்டும், கூட்டத்துக்குள் அவரவர் உழைப்பு கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் நிர்வாகம் என்பது என் கருத்து.

சரி, மலையை விட்டுக் கீழே இறங்குவோம். இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டினால் நம்ம கேம்பஸ்!

நம் பாலிடெக்னிக்கின் தராசு எது? தேர்ச்சி சதவிகிதம், வருகைப் பதிவு, ரெக்கார்டு நோட்டு. ரெக்கார்டு நோட்டில் எல்லாப் பரிசோதனையும் முடிந்திருக்கிறது, கையெழுத்தும் வாங்கியாயிற்று. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் லேத் பெல்ட் அறுந்து மாதக்கணக்கில் நிற்கிறது. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியவனுக்கும், வரிசையில் நின்று நிஜமாகவே திரெட் கட்டிங் போட்டவனுக்கும் ஒரே மார்க். பச்சைக்காயும் சிவந்த பழமும் ஒரே மூட்டையில்! நாளை கம்பெனி வாசலில் டிரேட் டெஸ்ட் வைப்பானே, அந்தப் பல்பரில் வெட்டுப்படப் போவது யார்?

ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். நம் மாணவர் பேரவையின் தராசு மட்டும் என்ன வாழ்கிறது? எத்தனை விழா, எத்தனை பேனர் என்றுதானே ஆண்டறிக்கையில் எண்ணுகிறோம்! நானும் கை தட்டியவன்தான்.

அதனால் பேரவைக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்க விடுவோம். என்றைக்கு நின்றது, ஏன் நின்றது, என்றைக்கு ஓடியது... மூன்றே வரி. மாதம் ஒருமுறை பேரவையும் துறைத் தலைவரும் உட்கார்ந்து அதை வாசிக்கட்டும். யாரையும் மாட்டிவிட அல்ல, அந்த ரைட்டர் கேட்ட மாதிரி "ஏன்?" என்று கேட்க. செலவு ஒரு நோட்டு, ஒரு நூல்கயிறு, ஒரு பேனா!

1998-ல் சென்னையின் சுந்தரம் கிளேட்டன் கம்பெனி, டெமிங் பெயரிலான ஜப்பானியப் பரிசை வாங்கியது. இந்தியாவில் முதல் கம்பெனி அதுதான். தமிழ்நாட்டுத் தொழிற்சாலையால் முடிந்தது, நம் ஒர்க்‌ஷாப்பால் முடியாதா?

அம்மா இந்த வருஷமும் பழம் எடுக்கப் போகிறார். அவர் பறிக்கிற மாதிரி நானும் படிக்க வேண்டும் என்று ஆசை. அதைப் பார்க்கிற தராசு ஒன்று இங்கேயும் வேண்டும்.

யோசியுங்கள் நண்பர்களே... நோட்டு வாங்க நான் ரெடி!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை