தொண்டுக்கு மணிக்கணக்கு

தொண்டு செய்வாரைப் போற்றுவது நம்மவர் வழக்கம். தொண்டு செய்த நேரத்தை மணிக்கணக்கில் எண்ணி, அதற்குப் பட்டத்தில் பங்கு தருவது இக்காலப் பல்கலைக்கழக வழக்கம். பட்டத்துக்கு வேண்டிய மதிப்பலகுகளில், மாணவர் நாவில் 'கிரெடிற்' என வழங்கும் அவ்வலகுகளில், ஒரு பகுதியைத் தொண்டூழியத்தால் ஈட்டலாம் என்னும் ஏற்பாடு பல நாடுகளில் வேரூன்றிவிட்டது. இங்கும் அதனைப் பெருக்க வேண்டும் என்பார் உளர். அவர்தம் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் நல்லெண்ணம் ஒரு திட்டத்துக்குப் போதிய காவல் ஆகாது. அத்திட்டத்தால் யார் பயன் பெறுவர், யார் ஏய்க்கப்படுவர் என்று கேட்பது நம் கடமை.

அண்டை நாட்டின் கதையை முதலில் நோக்குவோம். காந்தி நூற்றாண்டாகிய 1969 இல் இந்தியா நாட்டு நலப்பணித் திட்டத்தை 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி என்பது அதன் விதி. அன்று அது பாடத்துக்குப் புறம்பான பணியாகவே இருந்தது. 2022 இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகமோ, சமூகப் பணியில் 30 மணி நேரத்தை ஒரு மதிப்பலகு என்று வகுத்தது. இலங்கையில் 2012 இல் வந்த தகைமைச் சட்டகம், பாடநெறிக் கல்வியில் 50 மணி நேர உழைப்பை ஓர் அலகாகக் கொள்கிறது. தொழிற்பயிற்சியாயின் குறைந்தது 100 மணி நேரம் வேண்டும். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 அலகுகள். ஆக, மணியை அலகாக மாற்றும் தராசு இங்கும் ஆயத்தமாகவே இருக்கிறது. தொண்டை அதன் தட்டில் ஏற்றுவதே எஞ்சியுள்ள வேலை.

அத்தராசு எதை நிறுக்கிறது? உடப்பிலே கரைவலை இழுப்போரைக் கேளுங்கள். எத்தனை நாழிகை கயிற்றைப் பற்றி நின்றாலும், மடியில் மீன் இல்லையேல் பங்கும் இல்லை. உழைக்கும் மக்களுக்கு உலகம் விளைவைக் கொண்டே கூலி அளக்கிறது. மாணவரின் தொண்டுக்கு மட்டும் நேரத்தைக் கொண்டு மதிப்பு அளப்பது எந்த நீதி?

இது வெறும் சொற்போர் என்று எண்ண வேண்டா. நம் களப்புகளின் ஓரத்தில் இதற்குச் சான்று கிடக்கிறது. 1980 களில் தொடங்கிய இறால் பண்ணைப் பெருக்கம் சிலாபம் முதல் புத்தளம் வரை கண்டற் காடுகளை அழித்தது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் வீழ்ந்தன. வெட்டிய காடு மீளவில்லை. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், கண்டல் நடுவதே பெருந்தொண்டு என்று நாடெங்கும் ஆர்வம் பொங்கியது. நட்டவை என்னவாயின? நாட்டின் 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு விடை கூறுகிறது: ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் பிழைக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஹெக்டேயரில் நட்டதில், ஏறத்தாழ 200 ஹெக்டேயரே தேறியது. அலை ஏறி இறங்கும் மட்டத்தை அறியாமல் நட்டார்கள். அவ்விடத்துக்கு உரியதல்லாத இனத்தை நட்டார்கள். நட்டபின் மாடு மிதித்ததையும் பாசி மூடியதையும் பார்க்க ஆளில்லை. மணிக்கணக்கில் அளந்தால் அத்தொண்டர் அனைவரும் சித்தி. களப்பு ஒன்றுதான் தோல்வி! அத்தோல்விகளிலிருந்து கற்று, அறிவியலோடு மீண்டும் முயன்றதனாலன்றோ 2024 இல் இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை ஐக்கிய நாடுகள் நிறுவனம் உலக முன்னோடித் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றது? அங்கே மதிப்பை ஈட்டித் தந்தது பிழைத்த மரம்.

இரண்டாவது கேள்வி, தொண்டன் செய்யும் வேலை யாருடைய கடன் என்பது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த ஆயிரம் தொன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் குருணை மேற்குக் கரையெங்கும், நம் மாவட்டக் கரை உட்பட, ஒதுங்கியது. அதனைச் சல்லடையிட்டு அரித்தோரின் உள்ளத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆயினும் அழுக்காக்கியவன் கொடுக்க வேண்டிய கடனை மாணவன் தன் முதுகால் கட்டுவது அறமாகுமா? 2025 யூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் நூறு கோடி டொலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்த்தது. அத்தீர்ப்பைப் படித்து, கடலை நம்பி வாழும் குடும்பத்தின் இழப்பைக் கணக்கிட்டு, உரிமையைக் கேட்கக் கற்றுத்தருவதும் தொண்டே. அதற்கு அலகு தருவோர் உண்டா? குனிந்து பொறுக்குவதற்கு அலகு. நிமிர்ந்து கேட்பதற்கு இல்லை என்றால், அக்கல்வி எத்தகைய குடிமகனை ஆக்கும்?

மூன்றாவது கேள்வியே என் நெஞ்சை அதிகம் அறுப்பது. ஊதியமின்றி உழைக்க ஓய்வு யாருக்கு உண்டு? பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்தவை எனப் பட்டியலிடப்பட்ட மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. அங்கிருந்து தப்பித் தவறிப் பல்கலைக்கழகம் புகும் மாணவன், விடுமுறையில் உப்பளத்தில் உப்பு வாருகிறான். கற்பிட்டித் தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிறான். தந்தையோடு கடலுக்குப் போகிறான். அவன் வியர்வைக்கு அலகு இல்லை, ஏனெனில் அவன் கூலி வாங்கினான். வீட்டில் கவலையற்றவன் அதே கரையில் நான்கு நாள் முகாமிட்டு அலகோடு திரும்புகிறான். வறுமை ஒருவனைத் தொண்டன் ஆகாமல் தடுக்கிறது. செல்வம் மற்றவனைத் தொண்டனாக்குகிறது. இதனைச் சமூக உணர்வு என்று பெயரிட்டு அழைக்க நமக்கு நா எழவில்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் இக்கரையில் ஒதுங்கினர். அவர்தம் பிள்ளைகளுக்கு ஓலைக் கொட்டில்களில் எழுத்தறிவித்த இளைஞரும் யுவதிகளும் இருந்தனர். வடக்கிலும் கிழக்கிலும் தொண்டர் ஆசிரியர் என்ற பெயரிலேயே ஆண்டுக்கணக்காகக் கற்பித்தவர்கள், நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் அமர நேர்ந்தது. முப்பது மணிக்கு ஓர் அலகு என்பது நீதியாயின், இவர்களுக்கு எத்தனை பட்டம் கொடுக்க வேண்டும்? இதே தகைமைச் சட்டகம் முன் பெற்ற கற்றலை ஏற்றுக்கொள்ளவும் இடம் தருகிறது. அக்கதவை முதலில் இவர்களுக்கன்றோ அகலத் திறக்க வேண்டும்?

அப்படியானால் மாணவர் கிராமத்துக்குப் போகலாகாதா என்று கேட்பர். போக வேண்டும். 1958 இல் நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. அரியரத்ன தம் மாணவரைச் சாதியால் ஒதுக்கப்பட்ட கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அலகு ஒன்றும் கிடைக்கவில்லை. சிரமதானம் என்னும் சொல் நாட்டுக்குக் கிடைத்தது. அவரது இயக்கத்தின் பிற்காலப் போக்கில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஒதுக்கப்பட்டவனோடு ஒரே மண்ணில் மண்வெட்டி பிடித்தவன், தன் சாதியின் பொய்யை அங்கே கற்றான். அக்கற்றலே மதிப்புக்குரியது.

ஆதலால் நம் கோரிக்கை இது. அலகு கொடுங்கள், ஆனால் நேரத்துக்குக் கொடாதீர்கள். மாணவன் கற்றதற்கும், கிராமத்தில் நிலைத்ததற்கும் கொடுங்கள். நட்ட கன்றை ஓராண்டு கழித்து எண்ணுங்கள். களப்பை அறிந்த மீனவரையும், தோட்டத்தை அறிந்த பெண்களையும் பரீட்சகராக அமர்த்துங்கள். அப்பணிக்கு விரிவுரையாளர் பெறும் படியை அவர்களுக்கும் கொடுங்கள். வறிய மாணவனின் வழிச்செலவையும் உணவையும் பல்கலைக்கழகமே ஏற்கட்டும்; அவன் கூலிக்கு உழைத்துக் கற்றதையும் கற்றல் என்று ஒப்புக்கொள்ளட்டும். அரசாங்கம் ஊதியம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைத் தொண்டின் பெயரால் மாணவர் தலையில் சுமத்தாதிருக்கட்டும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! மக்களிடம் போவோம். மாணவராகவே போவோம். அங்கே நம்மைச் சோதிக்கும் உரிமை அவர்களுடையது. அவர்கள் கையொப்பம் இல்லாத எந்தச் சான்றிதழும் நமக்கு வேண்டா.