லாரிக்கு எரிசாராயம்: எது சரியான கணக்கு?

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகும் அரிசியும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் ஒரே வகையின அல்ல. சிறு சரக்கு வண்டிகளிற் சில பெட்ரோலில் ஓடுவன. பெரிய லாரிகள் டீசலில் ஓடுவன. எத்தனால் கலந்த எரிபொருளைப் பற்றிப் பேசுவோர் இவ்வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

எரிசாராயத்தைப் பெட்ரோலுடன் கலப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1948-லேயே அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 2025-இல் கலப்பு நூற்றுக்கு 20 பங்கை எட்டியது. இறக்குமதிச் செலவு குறைதலும் கரும்பு விவசாயி பயன் பெறுதலும் நன்மைகளே. ஆயினும், ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கிய வெப்பசக்தி பெட்ரோலினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆதலின், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய வண்டி, 20 பங்குக் கலவையில் 14 கிலோமீட்டரே ஓடக்கூடும். எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் எண், அதற்கேற்ப அமுக்க விகிதம் உயர்த்தி அமைத்த எஞ்சினிலேயே இவ்விழப்பில் ஒரு பகுதியை ஈடு செய்யும்.

டீசல் லாரியின் நிலை வேறு. அதன் எஞ்சின் தீப்பொறியின்றி, அமுக்க வெப்பத்தால் எரிபொருளைப் பற்றவைப்பது. எத்தனாலோ அவ்வாறு எளிதிற் பற்றாது. சிறிது நீர் சேரினும் டீசலினின்று பிரிந்துவிடும். ஈரக் காற்று மிக்க கொச்சியில் இது சிறு குறையன்று. 2014-இல் நாகபுரியில் எத்தனால் பேருந்து சோதனையாக ஓடியதெனில், அஃது அதற்கெனவே அமைத்த எஞ்சினால் ஓடியது.

ஆகவே, லிட்டர் விலையை மட்டும் கொண்டு மலிவு என்று சொல்லலாகாது. ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவே சரியான அளவு. கலவையின் விலையும் அதன் சக்திக்கேற்பக் குறைதல் வேண்டும். இன்றேல், நாட்டின் சேமிப்பிற்கான விலையை வண்டிக்காரர் தம் வருவாயினின்று செலுத்துவோராவர். இக்கணக்கை அவர்க்கு எடுத்து விளக்குவது களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோரின் கடமையாகும்.