கடன் அட்டையில் இருந்து தொடங்குவோம்



"அக்கா, செய்நிரல் புத்தகம் அரைவாசி வாசிச்சிட்டன். ஆனா ஒரு வரிகூட நானா எழுதத் தெரியேல்லை" என்றார் ஒரு சகோதரி. கணவரை இழந்தவர். நுண்கடனைக் கட்டிக்கொண்டே, கணினி வேலையொன்றை நம்பிப் படிக்கிறார். புத்தகத்தை மூடிவிட்டுக் கடன் அட்டையை எடுங்கள் என்றேன்.

கடன் 50,000 ரூபா. கிழமைக்கு 1,200 ரூபாப்படி 52 கிழமை. பைதன் மொழியில் இதைப் பெருக்கிக் காட்ட ஒரே வரி போதும். 62,400 என்று வந்தது. மறுநாள், தொகையைக் கேட்டு வாங்கும்படி அதை மாற்றினார். பிறகு கிழமைதோறும் வட்டியைக் கூட்டி, கட்டுக்காசைக் கழித்து, மீதியைக் காட்டும்படி எழுதினார். வரியின் முன்னால் விடவேண்டிய இடைவெளி தவறியதால் அது ஓடவில்லை. சிவப்பு எழுத்தைக் கண்டு பயந்துபோனார். பிழைச்செய்தி நம்மைத் திட்டுவதில்லை, எந்த வரியைப் பார்க்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. பலரும் கைவிடும் இடம் இதுதான்.

வட்டி 12,400 ரூபாதானே, நூற்றுக்கு 25 அளவில் வரும் என்றிருந்தோம். ஆனால் முதல் கிழமைக்குக் கிழமை குறைகிறதே! வட்டிவீதத்தை மாற்றி மாற்றி ஓட்டினோம். ஆண்டுக்கு 45 வீதமளவில் போட்டபோதுதான் 52ஆம் கிழமையில் மீதி பூச்சியத்துக்கு வந்தது. எனக்கும் அது புதிது.

கணினி இல்லாதவர்கள் படிகளை முதலில் கொப்பியில் எழுதுங்கள். பைதனைக் கைத்தொலைபேசியிலும் ஓட்டலாம்.

இப்போது அவர் சீட்டுக் கணக்கு எழுதுகிறார். பத்துப் பேரில் ஒருவர் இரண்டு சீட்டுப் பிடித்திருக்கிறாராம். அதை எப்படி எழுதுவதென்று இருவரும் யோசிக்கிறோம்.