கடல் குளிர்ந்ததா, கருவி ஏமாற்றியதா? கடல் தரவுக்குப் பொது நடைமுறை ஏன் தேவை?

2006-ல் வெளியான ஓர் ஆய்வு, பருவநிலை விஞ்ஞானிகளைக் குழப்பிவிட்டது. ‘2003 முதல் 2005 வரை கடலின் மேல்பகுதி குளிர்ந்திருக்கிறது. சுமார் 50 ஆண்டுகளில் கடல் சேர்த்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டே ஆண்டில் போய்விட்டது’ என்றது அந்த ஆய்வு. ஜான் லைமன், ஜோஷ் வில்லிஸ், கிரிகோரி ஜான்சன் ஆகியோர் எழுதியது.

புவி வெப்பமயமாதலே பொய்யா என்ற கேள்வியும் எழுந்தது. ஆனால், ஒரு விஷயம் இடித்தது. தண்ணீர் குளிர்ந்தால் சுருங்கும். செயற்கைக்கோள்களோ கடல் மட்டம் உயர்ந்துகொண்டே இருப்பதாகக் காட்டின. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது!

2007-ல் அதே விஞ்ஞானிகள் திருத்தம் வெளியிட்டார்கள். குளிர்ந்தது கடல் இல்லை; கருவிகள் தந்த கணக்குதான் தவறு.

என்ன தவறு நடந்தது?

அப்போது இரண்டு வகைக் கருவிகளின் தரவைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். ஒன்று, கப்பலில் இருந்து மெல்லிய கம்பியோடு கடலில் போடும் வெப்பமானி. இது ஆழத்தை அளக்காது. விழ ஆரம்பித்து எத்தனை விநாடி ஆனது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் இருந்த பிழையால், கடல் உண்மையைவிடச் சூடாகத் தெரிந்தது.

இன்னொன்று, ஆர்கோ மிதவைகள். இவற்றில் ஒரு பிரிவில் ஆழம் தவறாகப் பதிவானது. ஆழத்தில் இருந்த குளிர்ந்த நீரின் அளவு, மேலே இருப்பதுபோல் கணக்கில் ஏறியது. அதனால் கடல் குளிர்ச்சியாகத் தெரிந்தது.

சூடாகக் காட்டும் பழைய கருவியின் பங்கு குறைந்து, ஆர்கோவின் பங்கு கூடிய நேரம் அது. இரண்டையும் ஒட்டவைத்தபோது, நடக்காத ஒரு ‘குளிர்ச்சி’ பிறந்துவிட்டது.

ஆர்கோ மிதவை எப்படி வேலை செய்கிறது?

ஆள் உயரத்துக்கு இருக்கும் உருளை அது. 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதக்கும். 10 நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும் வழியில் வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தத்தை அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். இப்படிச் சுமார் 4,000 மிதவைகள் உலகக் கடல்களில் உள்ளன. இந்தியாவும் இதில் பங்கேற்கிறது. நம் மிதவைகளின் தரவை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கையாள்கிறது.

சிக்கல் என்னன்னா, போட்ட மிதவையைப் பெரும்பாலும் யாரும் திரும்ப எடுப்பதில்லை. சென்சாரில் பாசி படிந்தாலும் துடைக்க ஆளில்லை. உப்புத்தன்மை அளவு கொஞ்சம் கொஞ்சமாக நகர ஆரம்பித்தால், அருகில் எடுத்த துல்லியமான அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் திருத்த முடியும்.

சரி, பொது நடைமுறை என்றால் என்ன?

அடிப்படையில் நாலு விஷயம். கடலில் போடும் முன் கருவியை அளவுத்திருத்தம் செய்து, அதைப் பதிவு செய்வது. எந்த மாடல், என்ன வரிசை எண் என்ற விவரத்தைத் தரவோடு சேர்த்தே வைப்பது. சந்தேகமான அளவை அழிக்காமல், அதன் மேல் ஒரு குறியீட்டு எண் இடுவது. திருத்தினால், மூலத் தரவையும் பத்திரமாக வைப்பது. 2007-ல் பிழையான மிதவைகளைத் தனியே பிரிக்க முடிந்ததற்கு இந்த மாதிரிப் பதிவுகள்தான் காரணம்.

இதில் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுகிறார்களா என்றால், இன்னும் இல்லை. ஓர் எளிய உதாரணம்: ஆர்கோ தரவில் ‘2’ என்ற குறியீட்டுக்கு ‘அநேகமாகச் சரி’ என்று பொருள். அமெரிக்காவின் ‘குவார்டாட்’ முறையில் அதே ‘2’-க்கு ‘இன்னும் சோதிக்கவில்லை’ என்று பொருள். இரண்டையும் கவனிக்காமல் கலந்தால், சோதிக்காத தரவு நல்ல தரவாகிவிடும்.

இதற்காகவே யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையேயான கடலியல் ஆணையம், ‘கடல் சிறந்த நடைமுறைகள் அமைப்பு’ என்ற திட்டத்தை நடத்துகிறது. பல நாட்டு நிறுவனங்களின் செய்முறைக் கையேடுகளை ஒரே இடத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

நமக்கு இதில் என்ன?

வங்கக் கடல் கொஞ்சம் வித்தியாசமானது. கங்கை, பிரம்மபுத்திரா போன்ற ஆறுகளின் நன்னீர் மேலே ஒரு படலமாக மிதக்கிறது. புயல் கடலைக் கலக்கும்போது கீழே உள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே வராமல் இந்தப் படலம் தடுக்கிறது. மேற்பரப்பு சூடாகவே இருப்பதால், புயலுக்குத் தொடர்ந்து வெப்பம் கிடைக்கிறது. ஆக, இங்கே உப்புத்தன்மையைத் தப்பாக அளந்தால், புயலின் பலத்தைக் கணிப்பதிலும் தடுமாற்றம் வரலாம். சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், நங்கூரமிட்ட மிதவைகளை இந்தக் கடலில் பராமரிப்பதும் இதுபோன்ற தரவுக்காகத்தான்.

புதிய மிதவையைக் கடலில் இறக்கினால் அது செய்தியாகும். அளவுத்திருத்த ஆய்வகமும், தரவைச் சரிபார்க்கும் ஆட்களும் செய்தியாவதில்லை. ஆனால் நிதி ஒதுக்கும்போது அவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தப்பாக அளக்கும் கருவி, கருவியே இல்லாததைவிட மோசம். 2006-ல் உலகம் கற்ற பாடம் அது.