மருந்து இருந்தும் போடாத குற்றம்!

2017 மே 12. இங்கிலாந்தில் பல ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர்கள் திடீரென முடங்கின. ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. ஆம்புலன்சுகள் வேறு ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பி விடப்பட்டன. 300 டாலர் கொடுத்தால்தான் பைல் கிடைக்கும் என்று திரையில் மிரட்டல்!

'வான்னாக்ரை' என்ற கம்ப்யூட்டர் புழுவின் கைவரிசை இது. சாதாரண வைரஸ் பரவ, யாராவது ஒரு பைலைத் திறக்கவேண்டும். புழுவுக்கு அந்தத் தயவே வேண்டாம். ஒரு மெஷினில் புகுந்ததும், அதோடு இணைந்த மற்ற மெஷின்களைத் தானே தேடிப்போகும். விண்டோசில் பைல்களைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் இருந்த ஓட்டைதான் அதற்கு வாசல். நுழைந்த இடத்தில் தன் நகலை வைக்கும். அந்த நகல் அடுத்த மெஷினைத் தேடும். சில நாளில் சுமார் 150 நாடுகள், 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ந் தேதியே கொடுத்துவிட்டது. இரண்டு மாதமாகியும் பலர் போடவில்லை!

புழுவை விட்டவன் குற்றவாளி. சரி, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கிய நிர்வாகிகள்? பூட்டாத ஒரு வீடு தெருவுக்கே ஆபத்து. ஆபீஸ் ஆனாலும் கடை ஆனாலும், மெஷின் 'அப்டேட்' கேட்டால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளாதீர்கள். புழு நாளை வரை காத்திருக்காது!